இராயப்பர் பேராலயம் காணச் செல்வோர்க்கு



உரோம் நகருக்குச் செல்லும் எவரும் வத்திக்கானில் உள்ள புனித பேதுருவின் பேராலயத்தைக் காணாமல் திரும்புவதில்லை. பேதுரு என்னும் அப்பெயரை இராயப்பர் என்று வழங்குவது நம் நாட்டுக் கத்தோலிக்கரின் பழைய மரபு. உங்களுள் சிலர் மேற்படிப்பை நாடியோ, அலுவலை முன்னிட்டோ, வெறும் ஊர் காணும் ஆவலாலோ என்றேனும் ஒருநாள் அங்குச் செல்லக் கூடும். அக்கோயிலின் வரலாற்றை நூல்களில் படித்துக்கொள்ளலாம். ஆனால் அதனைக் காணும் முறையை, ஒருமுறை சென்று தவறியவனிடம் கேட்டுக்கொள்வதே நலம். நான் இரண்டு முறை சென்றவன். முதன்முறை சென்றபோது செய்யத் தகாதனவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்தேன். ஆதலின் இன்று உங்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

முதல் தவறு, நாள் பார்க்காமல் போனது. நான் சென்றது ஒரு புதன்கிழமை காலை. புதன்கிழமைகளில், போப்பாண்டவர் நகரில் இருப்பாரேயானால், கோயிலின் முன் உள்ள பெருமுற்றத்தில் மக்களைச் சந்தித்து உரையாற்றுவது வழக்கம். அவ்வேளையில் கோயிலினுள் செல்ல இயலாது. நண்பகல் கடந்த பின்னரே வழி திறக்கும். அவரைக் காண விரும்புவோர்க்கு அந்நாள் நன்னாள். கோயிலைக் காண விரும்புவோர்க்கு அது வீணாள். மற்ற நாள்களில் காலை 7 மணிக்கே கதவு திறந்துவிடுகிறது. அந்த ஏழு மணியை நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் முற்றத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் வரிசை ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ உங்களை வெயிலில் நிறுத்திவிடும். ஏழு மணிக்குச் சென்றவர்க்கோ வரிசையே இல்லை என்று சொல்லலாம். முன்பெல்லாம் அவ்வேளையில் பக்கத்துச் சிறு பீடங்களில் ஆங்காங்கே குருமார்கள் தாழ்ந்த குரலில் பூசை செய்துகொண்டிருந்தனர். கீழ்த்திசை வாயில்வழி வரும் இளங்கதிர் தளத்தில் நீண்டு கிடக்கும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் உங்கள் காலடி ஓசை உங்களுக்கே கேட்கும்.

இரண்டாவது தவறு, பழம் நறுக்குவதற்கென்று பையில் வைத்திருந்த ஒரு மடக்குக் கத்தி. கோயிலினுள் செல்வோர் அனைவரும், விமான நிலையத்தில் நிகழ்வது போலவே, சோதனைப் பொறியைக் கடந்து செல்ல வேண்டும். ஒன்றரை மணி நேரம் நின்று பொறியை அடைந்த என்னைக் காவலர் கத்தியுடன் திருப்பி அனுப்பினார். அதை எங்கே வைப்பது? எறிவதற்கு மனம் வரவில்லை. தங்கியிருந்த விடுதிக்கு மீண்டும் சென்று வைத்துவிட்டு வந்து, மறுபடியும் வரிசையின் வாலில் நின்றேன். ஆதலின் கத்தி, கத்தரிக்கோல், பெரிய மூட்டை இவற்றையெல்லாம் விடுதியிலேயே விட்டுச் செல்லுங்கள். தண்ணீர் வேண்டுமே என்று அஞ்ச வேண்டாம். உரோம் நகரத் தெருக்களில் ஓயாது வழிந்துகொண்டிருக்கும் சிறு குழாய்கள் பல உண்டு. அந்நீர் குடிப்பதற்கு ஏற்றது, காசும் இல்லை. ஒரு குப்பி கையில் இருந்தால் போதும்.

உடை பற்றியும் ஒரு சொல். தோளும் முழங்காலும் மறைந்திருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கோடைக் காலத்தில் அரைக்காற்சட்டையுடன் வந்து வாயிலில் தடுக்கப்பட்டு, தெருவில் விற்கும் துணியை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் மேனாட்டு இளைஞர்களைக் காணலாம். நம் பெண்டிர்க்கு இத்தொல்லை இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் முடிந்தது. கோயிலுக்குள் நுழைகையில் நாம் செருப்பைக் கழற்றுகிறோம். அங்கே ஆடவர் தொப்பியைக் கழற்றுகின்றனர். செருப்பைக் கழற்ற வேண்டுவதில்லை. பழக்கத்தால் குனிந்து கழற்றப் போய், பின்னால் வருவோர் மீது இடித்துக்கொண்ட தமிழர் ஒருவரை நான் அறிவேன். அவர் பெயரை இங்குச் சொல்ல மாட்டேன். அவர் இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

பேராலயத்தினுள் செல்வதற்குக் கட்டணம் கிடையாது. முற்றத்தைச் சூழ்ந்த தெருக்களில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, 'சீட்டு வாங்கினாலன்றி உள்ளே விடமாட்டார்கள்' என்று வழிமறிப்போர் உண்டு. அவர்கள் சொல்வதை நம்ப வேண்டா. கோபுரக் குவிமாடத்தின் மேல் ஏறுவதற்கும் கருவூலத்தைக் காண்பதற்கும் மட்டுமே தனிச் சீட்டு. வழிகாட்டியோ ஒலிக்கருவியோ வேண்டுமென்றால் அதற்குப் பணம் கொடுத்தல் முறையே. இன்னொரு குழப்பமும் பலர்க்கு நேர்கிறது. மைக்கேல் ஆஞ்சலோ விதானத்தில் ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயம் இப்பேராலயத்தின் உள்ளே இருப்பதாக எண்ணித் தேடுவோர் மிகப் பலர். அது வத்திக்கான் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அருங்காட்சியகத்தின் வாயில் மதிலைச் சுற்றிக்கொண்டு வடபுறம் செல்ல வேண்டிய வேறோர் இடம். கால் மணி நேர நடை. அதற்குச் சீட்டு உண்டு. முன்பதிவும் செய்துகொள்ளல் நலம். மாதத்தின் கடைசி ஞாயிறு ஒழிய மற்ற ஞாயிறுகளில் அது பொதுவாகத் திறப்பதில்லை.

இனி உள்ளே செல்வோம். பலர் எதிர்பார்த்துச் செல்வது பேரளவு. ஆனால் முதலிற் காண்பது அதுவன்று. 'இவ்வளவுதானா?' என்றே என் மனத்திற்கும் தோன்றியது. அதற்குக் காரணம் உண்டு. அக்கோயிலில் எல்லாமே ஒரே விகிதத்தில் பெரியவை. தூண் பெரிது, தூணருகே நிற்கும் சிலை பெரிது, சிலை கையில் ஏந்திய நூலும் பெரிது. ஒன்றோடொன்று ஒப்பிடும்போது எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. நுழைந்தவுடன் இருபுறமும் தீர்த்தத் தொட்டிகளைத் தாங்கி நிற்கும் குழந்தை வடிவங்களைப் பாருங்கள். தொலைவில் அவை சாதாரணக் குழந்தைகளே. அருகிற் சென்று நின்றால் அக்குழந்தை உங்களினும் உயரம்! அந்தக் கணத்தில்தான் கட்டடம் முழுவதும் உங்களைச் சுற்றி மளமளவென்று வளரத் தொடங்கும். பின்னர் நடுக்கூடத்தின் தளத்தைக் குனிந்து நோக்குங்கள். உலகின் மற்றப் பெருங்கோயில்களை இங்கே கொண்டுவந்து வைத்தால் அவற்றின் நீளம் எதுவரை எட்டும் என்பதைப் பித்தளை எழுத்துகளால் பதித்திருக்கிறார்கள். இலண்டன் மாநகரின் புனித பவுல் ஆலயமும் அவ்வரிசையில் உண்டு. இக்கோயிலின் உள்நீளம் ஏறத்தாழ 186 மீட்டர். பெருமையைத் தரையில் எழுதி வைக்கும் இவ்வழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆயினும் அளவறிவதற்கு அது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

பீடங்களின் மேல் காணும் பெரிய படங்களை ஓவியம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய எல்லாமே வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்தவை. ஈரமும் மெழுகுவத்திப் புகையும் ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்பதனால் பழைய ஓவியங்களைப் பார்த்து அவ்வாறு பதித்து வைத்தனர். ராபேல் தீட்டிய உருமாற்றக் காட்சியும் இங்கே இருப்பது பதிப்புப் படியே. மூல ஓவியம் அருங்காட்சியகத்தில் உளது. படத்தின் அருகே எவ்வளவு செல்ல முடியுமோ அவ்வளவு சென்று, பின் மெல்ல மெல்லப் பின்வாங்கிப் பாருங்கள். துண்டுகள் கலந்து முகமாக மாறும் இடம் ஒன்று உண்டு.

வலப்புறம் முதற் சிற்றறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது, இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னையின் சலவைக்கல் சிலை. மைக்கேல் ஆஞ்சலோ அதனை 1499-ஆம் ஆண்டு முடித்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. உங்களுள் பலரினும் சற்றே மூத்தவர். அன்னையின் மார்பின் குறுக்கே செல்லும் பட்டையில் அவர் தம் பெயரைச் செதுக்கியிருக்கிறார். பெயர் பொறித்த அவருடைய சிலை இஃது ஒன்றே. 1972-ஆம் ஆண்டு மே மாதம் ஒருவன் தடுப்பைத் தாண்டிச் சென்று சுத்தியலால் அச்சிலையை அடித்தான். அன்னையின் கையும் மூக்கும் உடைந்தன. சிதறிய துண்டுகளைத் திரட்டி, இயன்றவரை பழைய வடிவிற்குக் கொணர்ந்தனர். அன்று முதல் சிலைக்கும் நமக்கும் இடையே கண்ணாடி நிற்கிறது. அதன்முன் எப்பொழுதும் கூட்டம். பெரும்பாலோர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று தம்மையே படம் பிடித்துக்கொள்கின்றனர். காலை ஏழு மணிக்குச் செல்லுங்கள் என்று நான் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் செய்த பெருந்தவற்றை இனியும் மறைத்தல் கூடாது. முதன்முறை சென்ற அன்று ஒரு பக்கப் பீடத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. நான் கிறித்தவன் அல்லேன். ஆயினும் வழிபாடு நடக்கும் இடத்தில் நின்று கைகூப்புவது நமக்குப் பழக்கந்தானே! இறுதியில் மக்கள் வரிசையாக எழுந்து சென்று குருவிடம் வெண்ணிற அப்பம் ஒன்றைப் பெற்றனர். பிரசாதம் தருகிறார்கள் என்று எண்ணி நானும் வரிசையில் நின்றேன். வேண்டாவென்று மறுப்பதன்றோ நம் ஊரில் அவமதிப்பு? எனக்கு முன்னால் மூவர் இருந்தபோது, பின்னால் நின்ற முதிய மாது ஒருவர் என் சட்டைக் கையை மெல்லப் பற்றினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், 'நீ எங்கள் சமயத்தவனா?' என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சினக்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே தாமும் வரிசையை விட்டு விலகி, என்னைப் பக்கத்து இருக்கையில் அமர்த்திவிட்டு, மீண்டும் வரிசையின் கடைசியிற் போய் நின்றார்.

பிறகு ஒரு கத்தோலிக்க நண்பர்தாம் எனக்கு விளக்கினார். அவ்வப்பத்தை அவர்கள் பிரசாதமாகக் கருதுவதில்லை. கிறிஸ்துவின் திருவுடலாகவே நம்புகின்றனர். அந்நம்பிக்கையில் சேர்ந்து, அதற்குரிய ஆயத்தத்தோடு இருப்பவர் மட்டுமே அதனைப் பெறுவர். அறியாமையால் கைநீட்டுவது அவர்களுக்கு மனவருத்தம் தரும் செயல். நான் வாங்கி, பையில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்திருந்தாலும் வியப்பதற்கில்லை. அவ்வாறு செய்ய எண்ணியதும் உண்மை! அந்த மூதாட்டி, நூறு பேர் பார்க்க என்னைத் தடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் தம் இடத்தை இழந்து என் மானத்தைக் காத்தார். பிற சமயத்தவர் பூசையின்போது அமைதியாக அமர்ந்திருக்கத் தடையில்லை, எழும்போது எழலாம், வரிசையில் மட்டும் சேர வேண்டா. அவ்வாறே, திரையிட்டு 'வழிபடுவோர்க்கு மட்டும்' என்று எழுதிய சிற்றாலயத்தினுள் படக்கருவியோடு செல்லற்க. வழிபட விரும்பினால் தாராளமாகச் செல்லலாம்; அங்கே நிலவும் அமைதி வேறெங்கும் கிடைப்பதில்லை.

குவிமாடத்திற்கு வருவோம். அதன் உச்சிவரை ஏற 551 படிகள். மின்தூக்கியில் சென்றால் கூரைத்தளம் வரை போகலாம். அதன்பின் 320 படிகளைக் காலால் ஏறியே ஆக வேண்டும். அக்குவிமாடம் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த இரண்டு ஓடுகளால் ஆனது. படிகள் அவ்விரண்டிற்கும் இடையே செல்கின்றன. ஆதலின் மேலே செல்லச் செல்லச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாமும் சாய்ந்தே நடக்க நேரிடும். வழி மிகக் குறுகல். பின்னால் ஆள்கள் ஏறி வந்துகொண்டே இருப்பர். நடுவில் திரும்ப எண்ணினாலும் எளிதன்று. இதய நோயோ, மூச்சிளைப்போ, அடைந்த இடத்தில் அச்சமோ உடையவர்கள் கூரைத்தளத்தோடு நின்றுவிடுவதே அறிவுடைமை.

இரண்டாம் முறை சென்றபோது என்னுடன் வந்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். அந்தக் குவிமாடத்தைக் காண்பதற்காகவே பணம் சேர்த்து வந்தவர். கூரைத்தளத்தில் இறங்கியதும் மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மார்பில் கை வைத்துக்கொண்டார். 'தம்பி, நீ போய் வா. நான் இங்கேயே இருக்கிறேன்' என்றார். 'ஐயா, மெல்ல ஏறலாமே' என்று நான் சொன்னது பிழை. அவர் இணங்காதது என் நல்லூழ். அவரை அங்கே தனியே விட்டுச் செல்ல மனமின்றி நானும் நின்றுவிட்டேன். அந்த அரை மணி நேரத்தில் அவர் எனக்குச் சொன்ன பாடத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

மைக்கேல் ஆஞ்சலோ இக்கோயிற்பணியை ஏற்றபோது எழுபது வயதைக் கடந்தவர். ஊதியம் வேண்டாவென்று மறுத்தவர். 1564-இல் அவர் இறந்தபோது குவிமாடத்தைத் தாங்கும் வட்டச்சுவரே எழுந்திருந்தது. ஜாக்கோமோ தெல்லா போர்த்தா என்பவர் 1590-இல் குவிமாடத்தை முடித்தார். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் அதில் பெரும்பெரும் வெடிப்புகள் தோன்றின. கோயில் இடிந்துவிடுமோ என்று நகரமே அஞ்சியது. 1742-இல் கணித வல்லுநர் மூவரை அழைத்து ஆராயச் சொன்னார் போப்பாண்டவர். கட்டடம் நிற்குமா என்பதைக் கொத்தரின் அனுபவத்தை விட்டுக் கணக்கால் அறிய முயன்ற முதல் நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. மூவரும் நிலைமை அபாயம் என்றனர். பிறகு பதுவா நகரத்துப் பேராசிரியர் போலேனி என்பவர் வந்தார். அவர் ஒரு நூலில் பல சிறு குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டார். ஒவ்வொரு குண்டின் எடையும் குவிமாடத்தின் ஒவ்வொரு பகுதியின் எடைக்கு ஏற்ற விகிதத்தில் இருந்தது.

இவ்விடத்தில் ஆசிரியர் தம் மூக்குக் கண்ணாடியின் கயிற்றைக் கழற்றி, இரு விரல்களுக்கு இடையே தொங்கவிட்டுக் காட்டினார். தொங்கும் கயிற்றில் இழுவிசை மட்டுமே உண்டு. அதே வளைவை அப்படியே தலைகீழாக்கிக் கல்லால் கட்டினால், அதில் அழுத்தம் மட்டுமே இருக்கும். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. போலேனி தொங்கவிட்ட நூலின் வளைவைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்தபோது, அது சுவரின் தடிப்பிற்குள்ளேயே அடங்கியிருந்தது. ஆதலின் குவிமாடம் இடியாது என்று துணிந்தார். ஆயினும் அதன் அடி வெளிநோக்கி விரிந்து வெடிப்பு மிகாதிருக்க இரும்பு வளையங்கள் பூட்டுமாறு கூறினார். அவ்வாறே பூட்டப்பட்டன. இன்றும் அக்குவிமாடம் 136 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 'ஒரு கயிறும் சில குண்டுகளும், தம்பி!' என்று சொல்லி ஆசிரியர் கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார். உச்சிக்கு ஏறிய எவரும் அன்று அவரைப் போல் மகிழ்ந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நிலவறைக் கல்லறைகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வெளியேறும் வழி பெரும்பாலும் கோயிலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். போப்பாண்டவர் பலர் அங்கே துயில்கின்றனர். ஆனால் 2025-இல் மறைந்த போப்பு பிரான்சிசை அங்குத் தேட வேண்டா. அவர் விரும்பியவாறு நகரின் மறுபுறத்துப் புனித மரியா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நிலவறைக்கும் கீழே, 1939 தொடங்கிப் பத்தாண்டுகள் அகழ்ந்து கண்ட பழைய கல்லறைத் தெரு ஒன்று உளது. பேதுருவின் கல்லறை என்று போற்றும் இடமும் அங்கேயே. சிறு சிறு குழுக்களாகவே அனுப்புகின்றனர். பல வாரங்களுக்கு முன்பே எழுதி இசைவு பெற வேண்டும். சிறுவர்க்கு இசைவில்லை.

வெளியே வந்ததும் உடனே பேருந்தைத் தேடி ஓடிவிடாதீர்கள். அம்முற்றத்தில் 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம் பிள்ளையைப் புனிதர் என்று போப்பாண்டவர் அறிவித்தார். நடுவே நிற்கும் ஒற்றைக்கல் தூண் எகிப்து நாட்டிலிருந்து பழைய உரோமப் பேரரசர் காலத்தில் கொணர்ந்தது. 300 டன்னுக்கு மேற்பட்ட அதனை 1586-இல் பொந்தானா என்னும் பொறியாளர், நூற்றுக்கணக்கான ஆள்களையும் குதிரைகளையும் கொண்டு கயிறு கட்டி இழுத்து இவ்விடத்தில் நிறுத்தினார். முற்றத்தை இரு கைகள் போல் வளைத்து நிற்கும் தூண் மண்டபங்கள் பெர்னினி கட்டியவை. நான்கு வரிசைகளில் 284 தூண்கள். ஒற்றைக்கல்லுக்கும் நீரூற்றுக்கும் இடையே தளத்தில் வட்டமான கல் ஒன்று பதித்திருக்கிறது. பலர் அதனை மிதித்துக்கொண்டே அறியாமல் போகின்றனர். அதன்மேல் நின்று மண்டபத்தைப் பாருங்கள். நான்கு வரிசையும் மறைந்து ஒரே வரிசையாகத் தோன்றும். ஓர் அடி விலகுங்கள். பின்னிருந்த தூண்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். நானும் கணித ஆசிரியரும் மாலை விளக்கு ஏற்றும்வரை அக்கல்லின்மேல் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.